கித்தார் ஒலிமாற்றிப் பெட்டியைக் கையாற் செய்தல்

வீணையின் நாதம் அதன் குடத்தில் முற்றுப்பெறுகின்றது. நாகசுரத்தின் நாதம் அதன் மரத்தில் முற்றுப்பெறுகின்றது. மின்சாரக் கித்தாரின் இயல்போ இவ்வாறன்று. அதன் தந்தி அசையுங்கால், தந்தியின் கீழ் அமைந்த காந்தமும் கம்பிச்சுருளும் அவ்வசைவைச் சிறியதொரு மின்னலையாக மாற்றுகின்றன. பிக்கப் எனப்படும் அவ்வுறுப்பினின்றும் புறப்படும் அலை பெரும்பாலும் 1 வோல்ட்டுக்கும் குறைந்தது. ஆம்பிளிபையரை அடைந்து பெருக்கப்பட்ட பின்னரே அது செவி நிறையும் ஒலியாகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியில் அவ்வலையை ஏற்று, உருவை மாற்றி, அப்பால் அனுப்பும் சிறு பெட்டிகள் உள. வாசிப்போர் காலால் மிதித்து இயக்குதலின் அவை பெடல்கள் எனப் பெயர் பெற்றன.

இவற்றைக் கடையில் முடிந்த பொருளாக வாங்குவோர் பலர். ஆயினும் வேண்டிய உறுப்புக்கள் யாவும் அடங்கிய தொகுதியை வாங்கித் தம் கையாலேயே பெடலை அமைத்துக்கொள்வோரும் மேனாடுகளில் மிகப் பலராயினர். அத்தொகுதியைக் கிட் என்பர். அதனைக்கொண்டு செய்யும் முறை யாது, செய்தலால் ஒருவர் அடைவது யாது என்பவற்றை, பழமையும் எளிமையும் வாய்ந்த ஒரு பெடலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பழுதிற் பிறந்த ஓசை

கித்தார்ப் பெடல்களுள் ஃபஸ் என்பது கரகரத்த ஓசையைத் தருவது. அதன் பிறப்புக்குக் காரணம் ஒரு பழுதேயாம். அமெரிக்க நாட்டு நாஷ்வில் நகரத்தில், மார்ட்டி ராபின்ஸ் என்னும் பாடகர் 'டோன்ட் வொரி' என்ற பாட்டைப் பதிவு செய்தபொழுது, ஒலிப்பதிவு மேடையில் இருந்த பெருக்கியொன்று கெட்டுப்போயிற்று. அதன் வழியே சென்ற கிரேடி மார்ட்டினுடைய பாஸ் கித்தாரின் ஒலி, கிழிந்த பறையின் ஓசைபோற் பதிவாயிற்று. அதனை நீக்காது அவ்வாறே விட்டனர். 1961இல் அப்பாட்டு வெளிவந்தபின் பிறரும் அவ்வோசையை விரும்பினர். எனவே, ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்நாடி அப்பழுதின் இயல்பை ஆராய்ந்து, அதே விளைவைத் தரும் டிரான்சிஸ்டர் சுற்று ஒன்று உருவாக வழிசெய்தார். அதனைக் கிப்ஸன் நிறுவனத்தார் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்னும் பெயரால் 1962இல் விற்கத் தொடங்கினர். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தம் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் அதனைக் கையாளவே, அவ்வோசை உலகறிந்ததாயிற்று.

அவ்வோசை எங்ஙனம் உண்டாகின்றது எனின், கூறுதும். மின்னலையை ஏறியிறங்கும் மலைத்தொடராக எண்ணிக்கொள்க. பெருக்கியானது தன் மின்கலத்தின் அளவுக்கு மேல் எவ்வலையையும் உயர்த்த இயலாது. 9 வோல்ட்டு மின்கலத்தால் இயங்கும் சுற்றில் 20 வோல்ட்டு உயரமுள்ள அலை எழவேண்டுமாயின், அதன் சிகரமும் அடியும் வெட்டுண்டு தட்டையாகின்றன. இவ்வாறு வெட்டுண்ட அலையில், முன் இல்லாத மேற்சுரங்கள் தோன்றுகின்றன. விநாடிக்கு 110 அதிர்வுடைய தூய சுரம் ஒன்றை மேலும் கீழும் ஒப்ப வெட்டினால் 330, 550 முதலிய ஒற்றைப்படை மடங்குகள் எழும். ஒருபுறம் மிகுத்து வெட்டினால் 220, 440 முதலிய இரட்டைப்படை மடங்குகளும் உடன் எழும். தம்பூராவின் குதிரையில் தந்தியின் அடியில் ஜீவா என்னும் நூலை வைத்து, மேற்சுரங்கள் விளங்கித் தோன்றுமாறு செய்யும் நம்மவர் வழக்கத்தை இதனோடு ஒப்பிடலாம். அங்கு அது தந்தியும் குதிரையும் தொடும் தொடர்பால் ஆவது. இங்கு மின்னலையை வெட்டுதலால் ஆவது. முறை வேறாயினும், சுரத்தின் உடலை மேற்சுரங்களால் நிறைத்தல் என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவே.

உறுப்புக்களும் அவற்றின் தொழிலும்

1966இல் லண்டன் நகரத்து ஆர்பிட்டர் நிறுவனத்தார் 'ஃபஸ் பேஸ்' என்னும் வட்டவடிவப் பெடலை வெளியிட்டனர். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையாண்டமையால் அது பெரும்புகழ் எய்திற்று. அதன் சுற்றில் அமைந்த உறுப்புக்கள் பதினொன்றே: டிரான்சிஸ்டர் 2, மின்தடை 4, மின்தேக்கி 3, திருகுதடை 2. கிட் விற்போர் பலரும் இச்சுற்றை இன்றும் தருகின்றனர். இத்துணைச் சிறிய சுற்றாதலின், ஒவ்வோர் உறுப்பும் ஏன் அங்குள்ளது என்பதை ஒரு மாலைப்பொழுதிற் கற்றுக்கொள்ளலாம்.

கித்தாரின் அலை முதற்கண் 2.2 மைக்ரோபாரட் மின்தேக்கியைக் கடக்கின்றது. அது அலையைச் செல்லவிட்டு, சுற்றினுள் உள்ள நேர்மின்னோட்டம் கித்தாரினுட் புகாமற் காக்கும் வாயில்காப்போன் ஆகும். அடுத்து முதல் டிரான்சிஸ்டர் அலையைப் பெருக்கி, நேரே இரண்டாம் டிரான்சிஸ்டரிடம் ஒப்புவிக்கின்றது. இரண்டாவதனிடத்திருந்து 100 கிலோ ஓம் மின்தடை ஒன்று முதலாவதனுக்குத் திரும்பிச் செல்கின்றது. இரண்டும் ஒன்றையொன்று நிலைநிறுத்துவது அதனாலேயாம். 1 கிலோ ஓம் திருகுதடை கரகரப்பின் அளவையும், 500 கிலோ ஓம் திருகுதடை வெளிவரும் ஒலியின் அளவையும் ஆளுகின்றன.

இங்குக் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனையில் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.5 வோல்ட்டு, அஃதாவது மின்கலத்தின் பாதி, இருத்தல் வேண்டும் என்பர். அவ்விடத்தினின்றும் அலை மேலேறுதற்கும் கீழிறங்குதற்கும் ஒத்த இடம் உண்டாதலே அதற்குக் காரணம். அம்முனை 1 வோல்ட்டிலோ 8 வோல்ட்டிலோ நின்றுவிடின், அலை ஒருபுறத்தே நசுங்கி, ஓசை விட்டுவிட்டு எழும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் ஒன்று இரா. அன்றியும், வெப்பம் மிகுந்தோறும் அவற்றுட் கசியும் மின்னோட்டம் மிகும். ஆதலின், குளிர்ந்த அறையில் இனிது ஒலித்த பெடல் வெயிலில் வேறாய் ஒலித்தல் கூடும். பிற்காலத்தார் வெப்பத்திற்கு அத்துணை அசையாத சிலிக்கன் டிரான்சிஸ்டர்களுக்கு மாறினர். ஆயினும் ஜெர்மேனியத்தின் மென்மையை நாடுவோர் இன்றும் உளர். கிட்டுகள் சிலவற்றில் 4.5 வோல்ட்டைத் தாமே திருத்திக்கொள்ளுதற்குச் சிறு திருகுதடையொன்று வைத்திருப்பர். அதனைத் திருப்பி, அளவுமானியையும் செவியையும் ஒருங்கே கொண்டு சரியான இடத்தைக் காண்பவர், நூலில் வாசித்ததைக் கையால் அறிந்தவராவர்.

செய்யும் முறை

கிட்டுகளால் மின்கருவி அமைக்கும் வழக்கம் புதிதன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்து ஹீத் நிறுவனம் 1947இல் அலைகாட்டும் கருவியொன்றைக் கிட்டாக விற்றுப் புகழ்பெற்று, 1992 வரையில் அத்தொழிலை நடத்திற்று. இசைவாணர்க்கென்றே கிரேக் ஆண்டர்டன் 1975இல் வெளியிட்ட மின்கருவிச் செய்முறை நூலும் பலரை இத்துறைக்கு அழைத்துவந்தது.

கிட்டைப் பிரித்தவுடன் செய்யத்தக்கது உறுப்புக்களை எண்ணி வகைப்படுத்துதலாம். மின்தடையின் மேலுள்ள நிறவளையங்கள் அதன் அளவைக் கூறும். மஞ்சள், ஊதா, செம்மஞ்சள் என்னும் மூன்றும் முறையே நின்றால் 4, 7, அதன்பின் மூன்று சுழி; அஃதாவது 47,000 ஓம். நிறத்தை நம்பியதோடு அமையாது அளவுமானியாலும் சோதித்தல் நன்று. பின்னர்த் தாழ்ந்த உறுப்புக்களை முன்னும் உயர்ந்தவற்றைப் பின்னுமாகச் சுற்றுப்பலகையிற் பொருத்துக. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி, டையோடு, டிரான்சிஸ்டர் ஆகியவற்றிற்குத் திசை உண்டு. தலைகீழாக வைப்பின் சுற்று இயங்காது, சில உறுப்புக்கள் கெடுதலும் கூடும்.

உறுப்பைப் பலகையோடு ஒன்றாக்குவது பற்றாசு. வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியஸில் உருகும். புதிதாய்த் தொடங்குவோர் செய்யும் பிழை, சூட்டுக்கோலின் நுனியிற் பற்றாசை உருக்கி, அதனை மூட்டின்மேல் அப்புதலாகும். அங்ஙனம் செய்யலாகாது. கோலால் மூட்டையே சூடாக்கி, சூடேறிய மூட்டிற் பற்றாசைத் தொடுவித்தால், அது தானே பரந்து ஒட்டிக்கொள்ளும். நன்கு ஒட்டிய மூட்டு சிறு குன்றுபோற் சரிந்து நிற்கும். ஒட்டாதது நீர்த்துளிபோல் உருண்டு நிற்கும். இயங்காத பெடல்களிற் பெரும்பாலனவற்றின் குற்றம் இத்தகைய மூட்டுகளிலும், திசைமாறிய உறுப்புக்களிலுமே காணப்படும்.

சுற்றைப் பெட்டியினுள் அடைக்குமுன் வெளியே வைத்துச் சோதிக்க. ஓசை வாராதாயின் மனந்தளர வேண்டுவதில்லை. மின்தேக்கியொன்றை முனையிற் கட்டிய கம்பியை ஆம்பிளிபையரோடு இணைத்து, கித்தாரின் அலையைச் சுற்றுக்குள் விட்டு, உறுப்பு உறுப்பாகத் தொட்டுக்கொண்டு செல்க. ஓசை எவ்விடத்தில் நின்றுபோகின்றதோ, பழுது அவ்விடத்தை ஒட்டியே உளது. முடிவிற் பெட்டியுள் அடைக்கும்போது, உலோகப் பெட்டியைச் சுற்றின் நிலமுனையோடு இணைக்க மறவற்க; புறத்தேயுள்ள மின்னிரைச்சலைத் தடுப்பது அதுவே.

எச்சரிக்கையும் சில கூறுதும். காரீயம் நஞ்சாதலின், வேலை முடிந்ததும் கைகழுவாமல் உணவைத் தொடலாகாது. புகை முகத்தில் தாக்காதபடி காற்றோட்டமுள்ள இடத்தில் அமர்க. பழைய ஜெர்மேனியச் சுற்றுக்களில் மின்கலத்தின் நேர்முனை நிலமுனையோடு இணைந்திருக்கும். ஏனைய பெடல்களோடு ஒரே மின்னூட்டியில் அதனை இணைப்பின் குறுக்குச்சுற்று நேரும். 9 வோல்ட்டுப் பெடலால் உடலுக்குத் தீங்கில்லை. வால்வு ஆம்பிளிபையரோ அத்தகையதன்று. அதனுள் நூற்றுக்கணக்கான வோல்ட்டு உண்டு. இணைப்பை நீக்கிய பின்னும் அது சிறிதுபொழுது தங்கியிருக்கும். பெடல் செய்யக் கற்றோம் என்னும் துணிவால் அதனைத் திறத்தல் உயிருக்கே இடராம்.

இதனால் அடைவது யாது?

பணம் மிஞ்சும் என்று கருதி இதில் இறங்குவோர் ஏமாறுவர். சூட்டுக்கோல், அளவுமானி, இடுக்கி முதலியவற்றின் விலையையும் கூட்டிப் பார்ப்பின், முதற்பெடல் கடைப்பெடலினும் விலை மிகுந்ததாக முடிதலும் கூடும். குறிப்பேட்டில் உள்ளபடி எண்ணுக்கு எண் உறுப்பைச் செருகி முடித்துவிட்டால் மட்டும் அறிவு வந்துவிடும் என்பதும் இல்லை. அங்ஙனம் செய்தவர்க்குப் பெடல் ஒன்று கிடைக்கும், அவ்வளவே. ஒவ்வோர் உறுப்பையும் வைக்கும்போது, இஃது ஈண்டு இல்லையாயின் என்னாகும் என்று வினவியவரே, அப்பெடல் பின்னொருநாள் ஓசையற்றுப்போயின் தாமே திறந்து திருத்தவல்லவர்.

இத்திறன் சிறிதன்று. 1994ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் செய்யப்பட்ட 'கிளான் சென்டார்' என்னும் பெடலின் சுற்றின்மேல், அதனை அமைத்தவர் எபாக்சிப் பிசினை வார்த்து மறைத்தார். ஆர்வலர் அப்பிசினை அகற்றி, உறுப்புக்களை அறிந்து, சுற்றின் படத்தை வெளியிட்டனர். இன்று அதற்கும் கிட்டுகள் உள. ஒருவர் உழைத்துக் கண்டதைப் பிறர் எடுத்தல் களவன்றோ எனின், பகுத்துணர்தல் வேண்டும். தம் கண்டுபிடிப்பை ஊரறிய எழுதிக் காப்புரிமை பெறுவார்க்குச் சட்டம் சில்லாண்டு தனியுரிமை அளிக்கின்றது. எழுதாது மறைத்துவைப்பார்க்கு, விலைகொடுத்து வாங்கியவர் தம் பொருளைத் திறந்து பார்த்தலைத் தடுக்க அவ்வுரிமை இல்லை. ஆயினும், கற்பதற்காக ஒரு சுற்றைச் செய்தல் வேறு; பிறர் பெயரையும் குறியையும் பொறித்து அதனை விற்றல் வேறு. முன்னது மாணாக்கர் நெறி, பின்னது வஞ்சகம். முதலிற் கண்டவர் பெயரைச் சொல்லிக் கற்பதே நேர்மையாம்.

தொடங்க விரும்பும் மாணவ நண்பர்க்கு யாம் கூறுவது இது. முதலில் ஒரே டிரான்சிஸ்டர் உடைய எளிய பெருக்கிச் சுற்றை எடுத்துக்கொள்க. 1968இல் நியூயார்க்கில் தோன்றிய எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தாரின் எல்.பி.பி.-1 அத்தகையது. அதன் படத்தைக் கையால் ஒருமுறை வரைக. செய்து முடித்தபின் டிரான்சிஸ்டரின் மூன்று முனைகளிலும் உள்ள மின்னழுத்தத்தை அளந்து, குறிப்பேட்டில் நாளிட்டு எழுதிவைக்க. பின்னொருநாள் பெட்டி வாய்மூடி நிற்குமாயின், பழுது எங்குள்ளது என்பதை முதற்கண் காட்டுவது அந்த மூன்று எண்களேயாம்.