காசும் அது கிடந்த மண்ணும்

இலங்கையின் பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. உலோகம் கண்டறியும் கருவியோடு இறங்கினால் பழங்காசு தேடுவது எளிது என்றுதான் தோன்றும். ஆனால், கடலோர ஈரமணல் அந்தக் கருவிக்குப் பெரிய சோதனை. கருவியின் சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது புதைந்த காசில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதனால் எழும் எதிர்ப்புலத்தை உணர்ந்து கருவி ஒலிக்கிறது. உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், காசே இல்லாத மணலிலும் ஒலி எழும்.

அதற்காக இலங்கையில் பழங்காசு கிடைக்காமல் இல்லை. சிகிரியாவிலும் மாத்தறைக்கு அருகே நைமனவிலும் உரோமக் காசுகள் குவியலாகவே கிடைத்தன. இங்கே கிடைக்கும் உரோமக் காசுகளில் பெரும்பாலானவை பொன் அல்ல; கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுச் செப்புக்காசுகள். விரல்நகத்தளவு, தேய்ந்த முகம், மேலே பச்சைக் களிம்பு. அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த போலிகளும் ஏராளம். சந்தையில் சில்லறைக்கு அவ்வளவு தேவை இருந்திருக்க வேண்டும். பொற்காசை விட இந்தத் தேய்ந்த செம்புதான் சாதாரண மக்களின் கொடுக்கல் வாங்கலைக் காட்டுகிறது என்பேன்.

ஆனால் காசில் உள்ள பேரரசரின் காலம், அது புதைக்கப்பட்ட காலம் அல்ல. அடித்து வெகுகாலம் கழித்தும் அது கைமாறியிருக்கலாம். எப்போது புதைந்தது என்பதை மண்ணடுக்கும், பக்கத்தில் கிடக்கும் பானை ஓடும், கரித்துண்டும்தான் சொல்லும். எதையும் பதிவு செய்யாமல் தோண்டி எடுத்தால் அந்தச் சாட்சி அழிந்துவிடும்.

1992இல் இங்கிலாந்தின் ஹொக்ஸ்ன் கிராமத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. வயலில் தொலைந்த சுத்தியலைக் கருவியால் தேடியவர் உரோமக் காசுகளைக் கண்டார். தோண்டுவதை நிறுத்தி அறிவித்தார். மீதியை ஆய்வாளர்களே இடம் குறித்து எடுத்தனர்; கிடைத்தவை மொத்தம் சுமார் 15,000 காசுகள். மரம் மக்கிப்போயிருந்தும், எஞ்சிய கீல்களும் குட்டி வெள்ளிப் பூட்டுகளும் கிடந்த இடத்தை வைத்து, பெட்டிக்குள் சிறு பெட்டிகள் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். கிணறு வெட்டும்போதோ வயல் உழும்போதோ பழங்காசு தட்டுப்பட்டால் புளி போட்டுத் துலக்காதீர்கள். களிம்போடு எழுத்தும் போய்விடும். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, கிராம உத்தியோகத்தருக்கோ தொல்பொருளியல் திணைக்களத்துக்கோ சொல்லுங்கள்.