உஷார்! சான்றிதழ் அசல், ஓவியம் நகல்

ஏலக் கேட்டலாகில் ஓவியர் பால் காகின் என்ற பெயரைப் பார்த்ததும் பலருக்கு நிதானம் போய்விடுகிறது. தாஹிதித் தீவு, காதில் பூ செருகிய பெண்கள், நோயிலும் கடனிலும் செத்த மேதை, இன்றைக்குக் கோடிக்கணக்கான டாலர். அப்படிப்பட்ட கதைக்குப் பின்னாலேயே கையில் ஒரு காகிதத்தோடு யாராவது வந்து நிற்பார்கள். அந்தக் காகிதத்தை நம்பிப் பணத்தை எண்ணி வைத்துவிடாதீர்கள்.

2000ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். வசந்தகால ஏலத்துக்காக ஏல நிறுவனங்களான கிறிஸ்டீஸும் சோத்பீஸும் கேட்டலாக் தயாரித்தன. இரண்டிலும் ஒரே ஓவியம்! காகின் தீவுக்குப் போகும் முன் வரைந்த லைலாக் பூச்சாடி. 'எங்களிடம் இருப்பதுதான் அசல்' என்று இரண்டு நிறுவனங்களும் நம்பின. கடைசியில் பாரிஸில் இருந்த காகின் நிபுணரிடம் இரண்டையும் காட்டினார்கள். கிறிஸ்டீஸிடம் இருந்தது போலி என்று தெரிந்தது. அதை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சோத்பீஸில் இருந்த அசல் 3,10,000 டாலருக்குப் போனது.

அந்த அசலை விற்றவர் ஏலி சகாய் என்ற நியூயார்க் கேலரிக்காரர். வேடிக்கை என்னவென்றால், போலி புறப்பட்டதும் அவரிடமிருந்துதான். அவர் ஊர் அறிந்த ஓவியங்களின் பக்கமே போகமாட்டார். பெரிய ஓவியர்களின் நடுத்தர விலைப் படங்களை முறையாக ஏலத்தில் எடுப்பார். ஆள் வைத்து நகல் வரையச் சொல்வார். அசலோடு வந்த சான்றிதழை நகலோடு சேர்த்து ஜப்பான் போன்ற தூர நாட்டில் விற்றுவிடுவார். சில வருடம் கழித்து அசலுக்குப் புதிதாகச் சான்றிதழ் வாங்கி அதையும் விற்பார். வாங்கியவர் எத்தனை முறை சரிபார்த்தாலும் முத்திரை, கையெழுத்து, பழைய ஏல விவரம் எல்லாம் உண்மையாகவே இருக்கும், ஏனென்றால் காகிதம் உண்மையானதுதான். 2004இல் அவரைக் கைது செய்தார்கள். மறு ஆண்டு 41 மாதச் சிறை. ஒரே வீட்டை இருவருக்குப் பத்திரம் போட்டுக் கொடுக்கும் ஆசாமிகளை நாம் பார்த்திருக்கிறோம். இவர் அவர்களுக்கெல்லாம் அண்ணன்.

காகிதம் இல்லாவிட்டால் குடும்பக் கதை வரும். சிகாகோ கலைக்கழக அருங்காட்சியகம் 1997இல் காகின் செய்தது என்று ஒரு சுடுமண் உருவத்தை வாங்கி, பத்தாண்டுகள் பெருமையாகக் காட்சிக்கு வைத்திருந்தது. பாதி மனிதன், பாதி ஆடு. அதைச் செய்தவர் இங்கிலாந்தின் போல்டன் ஊரைச் சேர்ந்த ஷான் கிரீன்ஹால். வயதான பெற்றோர்தான் விற்பனைக்கு முகம். காகினின் நண்பரான ஓவியர் ரோடரிக் ஓகானர் வழியாகக் குடும்பத்துக்கு வந்த சொத்து என்று கதை. தாத்தா பாட்டி வயதில் இருப்பவர்கள் பொய் சொல்வார்கள் என்று யாருக்குத் தோன்றும்? 2007இல் குட்டு உடைந்தது. லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகமும் 2002இல் காகினுடையது என்று வாங்கிய கொம்புத் தலைச் சிற்பத்துக்கு, பின்னாளில் 'செய்தவர் தெரியவில்லை' என்று பெயர்ப்பலகையை மாற்ற வேண்டியிருந்தது.

காகின் விஷயத்தில் இந்தக் கதைகள் எடுபடக் காரணம் உண்டு. 1903 மே மாதம் மார்கேசஸ் தீவுகளின் ஹிவா ஓவாவில் அவர் இறந்தார். மிச்சமிருந்த பொருட்களில் பலவற்றை செப்டம்பரில் தாஹிதியின் பப்பீத்தேயில் ஏலம் விட்டார்கள். பனி மூடிய கிராமத்தைக் காட்டும் ஓவியம் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து, 'நயாகரா அருவி' என்று கூவினார்கள். கடற்படை மருத்துவர் விக்டர் சேகலன் அதை 7 பிராங்குக்கு எடுத்தார். இப்படிக் கைமாறிப் போனவற்றுக்கு வரிசையான கணக்கு எங்கிருந்து வரும்? அந்த இடைவெளியில்தான் போலிக்காரன் நுழைகிறான். (இன்னொன்று: 13, 14 வயதுச் சிறுமிகளை அவர் தன்னோடு வைத்துக்கொண்டதை விற்பனைக் கதைகள் நாசூக்காகத் தாண்டிவிடும். அந்தப் பெண்களின் முகத்தைத்தான் விற்கிறார்கள்.)

விலைச் செய்தியும் ஆபத்துதான். 1892இல் வரைந்த 'நஃபெயா ஃபா இபோய்போ' 30 கோடி டாலருக்குக் கைமாறியது என்று 2015இல் உலகமெல்லாம் எழுதினார்கள். பிறகு லண்டன் நீதிமன்றத்தில் தரகுச் சண்டை வந்தபோது தெரிந்த விலை 21 கோடி. தனியார் பேரத்தில் பத்திரிகைக்கு வரும் எண் யாரோ விரும்பி வெளியிடும் எண். ரஷ்யப் பணக்காரர் திமித்ரி ரிபோலோவ்லெவ் 2008இல் 5.4 கோடி யூரோ கொடுத்து வாங்கிய 'தெ ஃபாரே', 2017இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 2 கோடி பவுண்டுக்குத்தான் போனது. 'காகின் என்றால் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும்' என்று சொல்லும் டீலரிடம் இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு பணம் நம்மிடம் ஏது என்று நினைப்பவர்கள்தான் மரச்செதுக்கு அச்சுகளில் மாட்டுகிறார்கள். 'நோவா நோவா' வரிசைப் பலகைகளிலிருந்து காகின் தன் கையால் அச்செடுத்தார். லூயி ருவா என்பவர் 1894இல் எடுத்தார். காகினின் மகன் போலா 1921இல் கோபன்ஹேகனில் 100 படிகள் எடுத்தார். பலகை ஒன்றே என்பதால் மூன்றையும் 'அசல் காகின்' என்று கூசாமல் விற்கலாம். விலையோ மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். விளிம்பில் பென்சிலால் போலாவின் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பை வெட்டிச் சட்டம் போட்டிருந்தால் சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரிய ஏல நிறுவனங்கள் பொதுவாக 5 ஆண்டுக்கு அசல் உத்தரவாதம் தருகின்றன. கேட்டலாகில் 'அவர் பாணியில்', 'அவருடையதாகக் கருதப்படும்' என்றெல்லாம் போட்டிருந்தால் அது காகின் வரைந்ததுதான் என்ற உத்தரவாதம் கிடைக்காது. படத்தை விற்பவருக்குச் சம்பந்தமில்லாத நிபுணரிடம், அந்தக் கெடு முடிவதற்குள் காட்டிவிடுங்கள். சிகாகோக்காரர்களுக்கு விஷயம் தெரியவே பத்தாண்டு ஆனது.