கடைச் சிப்பந்தியும் தலைமையும்



ஒரு கடைக்குள் நுழைகின்றோம். பொருள் நல்லது, விலையும் நியாயமானது. ஆயினும், விற்பவரின் முகத்தில் ஊக்கம் இல்லையெனின் வெறுங்கையுடன் திரும்பிவிடுகின்றோம். வாரத்திற் சில மணி நேரமே வேலை செய்யும் பகுதிநேரச் சிப்பந்திகளிடத்து இக்குறை மிகுதி என்பர் முதலாளிமார். "நிலையாக நில்லாதவருக்கு அக்கறை எங்ஙனம் வரும்?" என்பது அவர்கள் கேள்வி. குறை சிப்பந்தியிடமா, அவரை நடத்தும் தலைமையிடமா என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

தலைமையின் வகைகளைச் சோதனை மூலம் ஆராய்ந்தவர்களுள் முன்னோடியானவர் கேர்ட் லெவின் என்னும் உளவியலறிஞர். அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் அவரும் லிப்பிற், வைற் என்போரும் பத்து வயதுச் சிறுவரைக் குழுக்களாக்கி, முகமூடி செய்தல் முதலிய கைவேலைகளைக் கொடுத்தனர். முடிவுகள் 1939 இல் வெளிவந்தன. ஒருவகைத் தலைவர் கட்டளையிட்டார். வேறொருவகையார் சிறுவரோடு கலந்து முடிவு செய்தார். மூன்றாம் வகையார் எதிலும் தலையிடாதிருந்தார். கட்டளையிட்டவர் அறையை விட்டு அகன்றதும் வேலை தளர்ந்தது. கலந்து பேசியவர் அகன்றபோதோ வேலை பெரிதும் குறையாது தொடர்ந்தது. வாளாவிருந்தவரின் குழுவில் வேலை செம்மையாக நடைபெறவில்லை.

கடையிலும் நிலைமை இதுவே. முகாமையாளர் ஒவ்வொரு சிப்பந்தியின் அருகிலும் நிற்றல் இயலாது. பகுதிநேரச் சிப்பந்தியோ அவரைக் காணாமலே வேலை முடித்துச் செல்வதும் உண்டு. அவருக்குத் தலைமையின் குணம் புலப்படுவது வேலைநேர அட்டவணையிலேயாம். "நாளை வருக" என்று சொல்லி, இறுதி வேளையில் "வரவேண்டாம்" என்றால், வாரக் கூலி எவ்வளவு, பிள்ளையை யாரிடம் விடுவது என்று அவர் தவிப்பார். தவிக்கும் மனத்தில் அக்கறை தங்குவதில்லை.

சான் பிரான்சிஸ்கோ, சிக்காகோ வட்டாரங்களில் 'காப்' என்னும் உடை வணிக நிறுவனத்தின் 28 கடைகளில், 2015 ஆம், 2016 ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. அவற்றுள் ஒரு பகுதிக் கடைகளில், வேலை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் நிலைப்படுத்தப்பட்டன. சிலருக்கு வாரத்தில் 20 மணி நேர வேலை கிடைக்க வகைசெய்யப்பட்டது. சிப்பந்திகள் கைத்தொலைபேசி வழியாகத் தம்முள் முறை மாற்றிக்கொள்ளவும் இடமளிக்கப்பட்டது. ஏனைய கடைகளோடு ஒப்பிடுகையில் விற்பனை நூற்றுக்கு 7 வீதமும், உழைப்பின் பயன் 5 வீதமும் உயர்ந்தன என 2018 இல் வெளியான அறிக்கை கூறிற்று. நேரக் குழப்பத்துக்குத் தலைமைக் காரியாலயம் இறுதி வேளையிற் செய்த மாற்றங்கள் பெருங்காரணம் என்பதும் அதனாற் புலனாயிற்று.

ஆகவே, கண்டிப்பு வேண்டாமென்பது பொருளன்று. வாளாவிருந்த தலைவரின் குழு அதற்குச் சான்று. ஒழுங்கை முன்கூட்டியே அறிவித்து, அதனை அமைக்கும்போது சிப்பந்தியின் சொல்லுக்கும் செவிசாய்த்தலே வேண்டுவது. சில மணி நேரமே வேலை செய்பவருக்கும் முழுநாள் வாழ்க்கை ஒன்று உண்டு. அதனை மதிக்கும் முகாமையாளர் கடையில் இல்லாத வேளையிலும் அங்கு வேலை நடக்கும்.