காரின் உடம்பே மின்கம்பி! தெரியுமா?

மலைநாட்டு ரயில் பாதையில் நிற்கும் கைகாட்டியும் பழைய மொரிஸ் மைனர் காரின் சிக்னலும் கையை அசைத்தே சைகை காட்டுபவை!  அந்தப் பாதையின் கைகாட்டி போலவே, மைனரின் கதவுத் தூணுக்குள் ஒரு குட்டிக் கை மடங்கிக் கிடக்கும். சுவிட்சைத் தட்டினால் மின்காந்தம் இழுக்க, கை வெளியே நீளும். அதற்குள் ஒரு 3 வாட் பல்ப் மஞ்சளாய் எரியும். சிமிட்டாது, எரிந்தபடியே நிற்கும். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் அறிமுகமானபோது திரும்பும் திசையைக் காட்டியது இந்தக் கைதான். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1961 வரைக்கும் அப்படியேதான் கை நீட்டியது!

அதைவிட வியப்பு: அமெரிக்காவின் பியூக் 1939இலேயே சிமிட்டும் சிக்னலைக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் ஐரோப்பியச் சந்தைக்கான வோக்ஸ்வாகன் பீட்டில் 1960 வரை கைகாட்டியை விடவில்லை.

மேடு பள்ளத்தில் கார் குலுங்கும்போது அந்தக் கை ஏன் தானாக வெளியே வந்து விழவில்லை, யோசித்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு கொக்கி பூட்டி வைத்திருக்கிறது! காந்தம் முதலில் கொக்கியை விடுவிக்கும், பிறகுதான் கையை இழுக்கும். கை பாதியில் நின்றாலோ உள்ளேயே ஒட்டிக்கொண்டாலோ காந்தம் எரிந்துவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். கீல் காய்ந்து போயிருக்கும். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் எழுந்துவிடும். கை எழுந்தும் பல்ப் எரியவில்லையென்றால் கீலடியில் உள்ள மெல்லிய வயரைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வளைந்து நிமிரும் வயர் அது. பெரும்பாலும் அங்கேதான் அறும்.

இத்தனை வயதான கார்கள் ரம்பொட முடக்குகளிலும் தலவாக்கலை வீதியிலும் இன்னும் கண்ணில் படுவது எப்படி? 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது, கார் இறக்குமதி சுருங்கியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை புதுக் கார் என்பது கனவு. இருப்பதைப் பழுது பார்த்துப் பார்த்தே ஓட்டினார்கள் நம் ஆட்கள். அந்தக் கைகளின் திறமைக்கு நான் தலை வணங்குகிறேன்.

1961இல் கைகாட்டி போய்ச் சிமிட்டும் விளக்கு வந்ததே, அதிலும் ஓர் அதிசயம்! சிமிட்டும் விளக்கோடு முதலில் வந்த மைனர்களுக்குத் தனிச் சிக்னல் விளக்கே வைக்கவில்லை. முன்னால் வெள்ளைப் பக்க விளக்கும் பின்னால் சிவப்பு பிரேக் விளக்கும்தான் சிமிட்டும். இடது பக்கம் திரும்பிக்கொண்டே பிரேக் மிதித்தால்? வலது விளக்கு நிலையாக எரியும், இடது விளக்கு சிமிட்டும்! இதைப் பிரித்துக் கொடுக்க ஒரு ரிலே பெட்டி உண்டு. இன்று நமக்குப் பழகிய தனி ஆரஞ்சு விளக்கு 1963இல்தான் மைனருக்குக் கிடைத்தது. அந்த இரண்டு வருடத்துக் கார் உங்களிடம் இருந்து, பிரேக் விளக்கும் சிக்னலும் சேர்ந்தாற்போல் குழப்பம் செய்தால், முதலில் அந்த ரிலேயைச் சந்தேகியுங்கள்.

இனி 'டிக் டிக்' சத்தத்துக்கு வருவோம். இன்றைய பல கார்களில் அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் ஓடவிடும் செயற்கைச் சத்தம், தெரியுமா? மைனரில் வருவது உண்மையான சத்தம். லூக்காஸ் கம்பனியின் எஃப்.எல்.5 என்ற சின்ன அலுமினிய பிளாஷர் டப்பாவுக்குள் ஒரு மெல்லிய கம்பி விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் கம்பி சூடாகி நீளும், நீண்டதும் தொடுப்பு மூடும், விளக்கு எரியும். மூடிய கணமே மின்சாரம் கம்பியை விட்டு வேறு வழியில் பாயும். கம்பி ஆறிச் சுருங்கும், தொடுப்பு திறக்கும், விளக்கு அணையும். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை சிமிட்ட வேண்டுமென்பது விதி. இந்த டப்பா அதை டிரான்சிஸ்டர் ஒன்றுகூட இல்லாமல், வெறும் சூட்டையும் குளிரையும் வைத்துச் செய்து முடிக்கிறது!

அதன் தலையில் 42 வாட் என்று எழுதியிருப்பார்கள். முன்னால் ஒரு 21 வாட், பின்னால் ஒரு 21 வாட். கணக்கு அவ்வளவு கச்சிதம்! ஒரு பல்ப் போனால் பாதி மின்சாரம்தான் பாயும். தாளம் தவறும், ஓட்டுநருக்கு முன்னால் சிமிட்ட வேண்டிய குட்டி விளக்கும் எரியாது. பல்ப் போன சேதியை 60 வருடத்துக்கு முந்திய டப்பா இப்படிச் சொல்லிவிடுகிறது. எல்.இ.டி. பல்ப் மாட்டியதும் சிக்னல் சிமிட்ட மறுப்பதும் இதனால்தான். அது குடிக்கிற மின்சாரம் கம்பியைச் சூடாக்கப் போதாது. டப்பாவையும் எலக்ட்ரானிக் வகைக்கு மாற்றவேண்டும், ஆனால் கவனம்! இந்தக் கார்களில் பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கும் (இதுதான் பிளஸ் ஏர்த்). இன்றைய கார்களுக்கு நேர் எதிர். பிளஸ் ஏர்த்துக்கு ஏற்றதா என்று கேட்காமல் டப்பா வாங்கவே வாங்காதீர்கள்.

டப்பா நல்லதா கெட்டதா என்று ஒரே நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம் தெரியுமா? அதில் பி (B), எல் (L), பி (P) என்று மூன்று முனைகள். முதல் பி பற்றரியிலிருந்து வருவது, எல் விளக்குக்குப் போவது, மற்ற பி குட்டி விளக்குக்கு. சுவிட்ச் சாவியைப் போட்டு, சிக்னலை ஒரு பக்கம் தள்ளி, பற்றரி முனையையும் எல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். விளக்குகள் நிலையாகப் பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி டப்பா. மங்கலாக எரிந்தாலோ எரியவே இல்லையென்றாலோ டப்பா நிரபராதி! எரியவே இல்லையென்றால் பியூஸைப் பாருங்கள். வைப்பரும் பிரேக் விளக்கும் பெட்ரோல் மானியும் அதே பியூஸில்தான் தொங்குகின்றன. அவையும் செத்திருந்தால் விடை கிடைத்துவிட்டது.

ஆனால் நுவரெலியாவில் முக்கால்வாசி நேரம் குற்றவாளி டப்பாவும் இல்லை, பியூஸும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். 1,868 மீட்டர் உயரம், மூடுபனி, மே மாதம் தொடங்கினால் விடாத தென்மேல் பருவமழை. ஈரம் விளக்குக்குள் புகுந்து துருவை வளர்க்கிறது. அதனால் என்ன என்கிறீர்களா? இங்கேதான் பெரிய அதிசயம்! விளக்குக்கு மின்சாரம் போகத்தான் வயர். அது பற்றரிக்குத் திரும்பி வருவது காரின் இரும்பு உடம்பு வழியாக! முழுக் காரும் ஒரு மின்கம்பி. விளக்கைப் பிடித்திருக்கும் ஒரு திருகாணியின் அடியில் துரு படிந்தால் போதும், திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

வழி அடைபட்ட மின்சாரம் என்ன செய்யும் தெரியுமா? பக்கத்து வழியைத் தேடும்! இரட்டை இழை பல்பில் சிக்னல் இழையில் வந்த மின்சாரம், மற்ற இழைக்குள் நுழைந்து, பக்க விளக்கு வயரைப் பிடித்து, காரின் மறுபக்கம் போய் ஏர்த்தைத் தேடும். சிக்னல் போட்டால் பக்க விளக்கும் சேர்ந்து மங்கலாய்ச் சிமிட்டுகிறதா? அது ஏர்த் கோளாறுதான்! பற்றரியின் ஏர்த் முனையிலிருந்து ஒரு நீள வயரை இழுத்து விளக்கின் உலோகக் கூட்டில் தொட்டுப் பாருங்கள். சட்டென்று பிரகாசித்தால் சந்தேகமே வேண்டாம். திருகாணியைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, வாஸ்லின் தடவி மாட்டுங்கள். இது தெரியாமல் நல்ல பிளாஷர் டப்பாக்களை எத்தனை பேர் தூக்கி எறிந்திருப்பார்கள்!

வயரைத் தேடிக் குழம்பவும் வேண்டாம். லூக்காஸ் வயர்களில் நிறமே பேசும். பியூஸ் தாண்டி வருவது பச்சை. இடது சிக்னலுக்குப் பச்சையில் சிவப்புக் கோடு, வலதுக்குப் பச்சையில் வெள்ளைக் கோடு, கறுப்பு என்றால் ஏர்த். துணி சுற்றிய பழைய வயரில் நிறம் மங்கியிருந்தால், வெயில் படாத கிளிப்புக்கு அடியில் பாருங்கள், புதிது போல் இருக்கும்.

மழைக்காலம் தொடங்குமுன் நான்கு விளக்குகளையும் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள், ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். வேலை முடியும்வரை ஒவ்வொரு முடக்கிலும் கண்ணாடியை இறக்கி, மழையானாலும் பனியானாலும், கையை நீட்டிக் காட்டியே திரும்புங்கள்.