கூட்டைக் கலைத்தாலும் வேட்டைதான்

பால்கனியில் துணிக்கொடியின் ஓரத்தில் தேன்சிட்டு தொங்கல் கூடு கட்டியிருக்கும்; பூந்தொட்டிக்குள் கொண்டைக்குருவி முட்டையிட்டிருக்கும். வீட்டில் சிலருக்குக் கொண்டாட்டம், சிலருக்குத் தொல்லை. நாளை பெயின்டர் வருகிறார், அதற்குள் எடுத்துப் போட்டுவிடலாமா என்ற பேச்சு எழும்.

கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி துப்பாக்கியும் கண்ணியும் மட்டும் வேட்டையில்லை. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வேட்டைதான். சொந்த வீட்டுச் சுவர் என்ற சமாதானம் செல்லாது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டபின், பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தின் முதல் பட்டியலிலுள்ள பறவையென்றால் சிறைத்தண்டனையே 3 ஆண்டில்தான் தொடங்கும். கிளிக்குஞ்சை எடுத்துக் கூண்டில் வளர்ப்பதும் குற்றமே. தெருவில் பத்து வீட்டில் கிளி இருப்பது அதை நியாயமாக்கிவிடாது.

பொறுக்க வேண்டிய காலமும் அதிகமில்லை. கொண்டைக்குருவி அடைகாப்பது ஏறக்குறைய இரண்டு வாரம். குஞ்சு கூட்டைவிட்டு வெளியேற இன்னும் இரண்டு வாரம். பெயின்டரை அதுவரை தள்ளிப்போடலாம். 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்குச் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. ஊரே ஒரு மாதத்துக்கு மேல் இருட்டில் நடமாடியது.

கூட்டுக்கு ஆபத்து வெறுப்பவர்களால் மட்டும் வருவதில்லை, ஆசையாகப் பார்ப்பவர்களாலும் வருகிறது. படத்துக்கு மறைக்கிறதென்று ஒரு கிளையை ஒதுக்கினால் போதும், வெயிலும் காக்கையும் உள்ளே வந்துவிடும். செல்போனை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றால் தாய் இரையோடு திரும்பிப் போகும். காட்டுயிர்ப் படப் போட்டிகள் பல கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் திரை இழுத்துவிட்டு, இருநோக்கியில் பார்ப்பதே நல்லது.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தித் திரிந்தால் பெரும்பாலும் அது பறக்கப் பழகுகிறது. பூனையையும் நாயையும் மட்டும் விலக்குங்கள். இறகில்லாத குஞ்சு விழுந்திருந்தால் மெல்ல எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதுதான் உண்மையில் கொல்லும். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அடிபட்ட பறவையைக் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூடு மின்பெட்டியில் இருந்தால் நீங்களே கை வைக்காமல் மின்வாரியத்தையும் வனத்துறையையும் கூப்பிடுங்கள்.

குடியிருப்புச் சங்கமோ பக்கத்து வீட்டுக்காரரோ கூடுள்ள மரத்தை வெட்டக் கிளம்பினால் முதலில் பேசிப் பாருங்கள். பலருக்கு இப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது. கேட்கவில்லையென்றால் தேதி, இடம், தூரத்திலிருந்து எடுத்த படம் ஆகியவற்றோடு வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலில் ஒப்புகை வாங்குங்கள். நடவடிக்கை இல்லையென்றால், உரிய முறையில் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு எந்தக் குடிமகனுக்கும் இடம் தருகிறது. அதற்குள் குஞ்சுகளின் கதை முடிந்திருக்கும் என்பதால், வெட்டு விழும் அன்றே தொலைபேசியில் சொல்வதுதான் கூட்டைக் காப்பாற்றும்.