ஒரு கிகா இணைப்பு உங்கள் வீட்டுக்குத் தேவையா?

டாலஸுக்கு வடக்கே ஆலனில் புது வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள், பால் காய்ச்சும் நாளுக்கு முன்பே நண்பர்களிடம் கேட்கும் கேள்வி, எந்த இணைய இணைப்பு நல்லது என்பது. “ஒரு கிகா போட்டுடுங்க, பிரச்சினையே வராது” என்ற பதில் தாராளமாகக் கிடைக்கும். பெரும்பாலான வீடுகளுக்கு அது வீண் செலவு.

பாட்டையே எடுத்துக்கொள்வோம். உயர்தர எம்பி3 பாட்டு நொடிக்கு 320 கிலோபிட் கேட்கும். சிடி தரத்துக்கும் ஏறத்தாழ 1,411 கிலோபிட் போதும். 300 மெகாபிட் இணைப்பில் அப்படி 200 பாட்டுகள் ஒரே நேரத்தில் ஓடலாம். ஆனாலும் சமையலறை ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டு சரணத்தில் திக்கி நிற்கிறது. ஏன்?

இங்குள்ள பல புது வீடுகளில் இணையக் கம்பி வந்து சேருமிடம் படுக்கையறைத் துணி அலமாரிக்குள் சுவரில் பதித்த இரும்புப் பெட்டி. தொங்கும் புடவைகளுக்குப் பின்னால், மூடிய கதவுக்குள் ரூட்டர். இரும்பு வைஃபை அலையைத் தடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டு மூன்று சுவர் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். ரூட்டரை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வைத்தாலே பாதிப் புகார் தீரும். அதற்கு மாதச் சந்தாவைக் கூட்டத் தேவையில்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது பதிவேற்ற வேகத்தை. ஊரிலிருக்கும் அம்மாவுடன் வீடியோவில் பேசும்போது உங்கள் முகம் உறைந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். கேபிள் இணைப்புகளில் பதிவிறக்கத்தைவிடப் பதிவேற்றம் பல மடங்கு குறைவு. ஃபைபரில் இரண்டும் பெரும்பாலும் சமம். மத்தியத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 2024 மார்ச்சில் அகலப்பட்டைக்கான அளவுகோலை 25/3 மெகாபிட்டிலிருந்து 100/20 ஆக உயர்த்தியது. இரண்டாவது எண்தான் பதிவேற்றம்.

இதையெல்லாம் விற்பனையாளரிடம் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. உணவுப் பொட்டலத்தில் உள்ள சத்துப் பட்டியல் போன்ற ஒரு சீட்டைப் பெரிய நிறுவனங்கள் 2024 ஏப்ரல் 10 முதலும் சிறியவை அக்டோபர் 10 முதலும் ஒவ்வொரு திட்டத்துக்கும் காட்டியாக வேண்டும். மாத விலை, அது அறிமுகச் சலுகையா, சலுகை எப்போது முடியும், கருவி வாடகை, ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் அபராதம், வழக்கமான பதிவிறக்க, பதிவேற்ற வேகம், தாமதம் எல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் விலை, பதின்மூன்றாம் மாதத்தில் என்னவாகும் என்பதற்கு நம்பகமான பதில் அந்தச் சீட்டில்தான்.

டெக்சஸ்வாசிகளுக்கு இன்னொன்று: மாதம் 25 டாலருக்கு மேற்பட்ட இணையக் கட்டணத்துக்கு இருந்த விற்பனை வரி 2020 ஜூலை 1 முதல் கிடையாது. பில்லில் இணையச் சேவைக்கென்று அந்த வரி இருந்தால் கேளுங்கள்.

மேலே சொன்ன திட்டச் சீட்டின் சில விதிகளைத் தளர்த்தும் யோசனையை எஃப்சிசி 2025 அக்டோபரில் முன்வைத்தது. கட்டணங்களைத் தனித்தனியாகக் காட்டுவதும், தொலைபேசியில் சீட்டை வாசித்துக் காட்டுவதும் அவற்றில் அடங்கும். நுகர்வோருக்கு இது நல்லதல்ல. ஆங்கிலத்தில் வாதாடத் தயங்கும் பெரியவர்களுக்கு அந்த விவரங்களே துணை.

ஆகவே கையெழுத்திடும் முன் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில் அதற்கு மாறாக வந்தால் எஃப்சிசியிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். புகார் கைக்கு வந்த 30 நாளுக்குள் நிறுவனம் எழுத்தில் பதில் தர வேண்டும்.