சிலி நாட்டுக் குடியாட்சியும் மக்கள் கிளர்ச்சியும்

சருவாதிகாரி பதவி நீங்கிய அன்றே குடியாட்சி முழுமை பெற்றுவிடும் எனக் கருதுவோர் பலர். அக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதைத் தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டின் வரலாறு கொண்டு ஆராய்தல் தகும்.

1973ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் நாள், படைத்தளபதி பினோச்செற்றின் தலைமையிலே, மக்கள் தெரிந்தெடுத்த சனாதிபதி அயெந்தேயின் அரசு கவிழ்க்கப்பட்டது. 1980இல் பினோச்செற் தமக்கேற்ற அரசியலமைப்பொன்றை நிறுவினார். அவர் ஆட்சி மேலும் நீடிக்கலாமா என 1988 ஒக்டோபர் 5ஆம் நாள் மக்களிடம் கேட்கப்பட்டபோது, வாக்களித்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 56 பேர் "வேண்டா" என்றனர். 1990 மார்ச்சிலே அயில்வின் சனாதிபதியானார்.

ஆயினும், பழைய விதிகள் எஞ்சி நின்றன. பினோச்செற் 1998 வரை இராணுவத் தளபதியாகவே இருந்தார். மூதவையிலே தேர்தலின்றி நியமனம் பெற்றோர் அமர்ந்திருந்தனர். தொகுதி ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆசனங்கள்; இரண்டையும் ஓரணி பெறவேண்டுமாயின், அடுத்த அணியிலும் இருமடங்கு வாக்குப் பெறல் வேண்டும். ஆகவே, மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலான வாக்குப் பெற்ற அணியும் தொகுதியிற் பாதியைப் பெற்று, அடிப்படை மாற்றங்களைத் தடுக்க வல்லதாயிற்று. நியமன முறை 2005இலும், இத்தேர்தல் முறை 2015இலுமே ஒழிந்தன.

பாராளுமன்றத்திலே வழி அடைபட்டபோது மக்கள் வீதியை நாடினர். கல்விச் சீர்கேட்டை எதிர்த்து 2006இல் பாடசாலை மாணவரும், 2011இல் பல்கலைக்கழக மாணவரும் கிளர்ந்தனர். 2019 ஒக்டோபரிலே தலைநகர் சந்தியாகோவின் நிலக்கீழ்ப் புகையிரதக் கட்டணம் 30 பெசோ கூட்டப்பட்டது. அச்சிறு தொகை பெருந்தீக்குப் பொறியாயிற்று. சொற்ப ஓய்வூதியம், கல்விக்கடன், மருத்துவச் செலவு என நெடுங்காலம் அடக்கிய குறைகள் யாவும் வெளிப்பட்டன. இராணுவம் வீதியில் இறங்கியது, உயிர்கள் பலியாயின, பலர் கண்ணொளி இழந்தனர். ஒக்டோபர் 25ஆம் நாள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் தலைநகரிலே திரண்டனர்.

நவம்பரிலே கட்சிகள் உடன்பட்டன. 2020இல் நூற்றுக்கு 78 பேர் புதிய அரசியலமைப்பு வேண்டுமென வாக்களித்தனர். எனினும், 2022இல் முன்வைக்கப்பட்ட வரைவை 62 வீதத்தினரும், 2023இல் வந்த வேறொரு வரைவை ஏறத்தாழ 56 வீதத்தினரும் நிராகரித்தனர். பன்முறை திருத்தப்பட்ட பழைய அமைப்பே நிலைத்தது.

அங்ஙனமாயின் கிளர்ச்சி வீணோ? அன்று. நோயை உரைக்கக் கிளர்ச்சி வல்லது. மருந்தை வகுப்பதற்கோ மாறுபட்டோரும் ஒருங்கிருந்து பேசுதல் வேண்டும். தொழில்கொள்வோரின் பங்களிப்பைக் கூட்டும் ஓய்வூதியச் சீர்திருத்தம் 2025இலே பாராளுமன்றத்தில் நிறைவேறியது அவ்வாறே. 1973இல் நாட்டின் பிணக்கைப் படைக்கலம் தீர்த்தது. அரைநூற்றாண்டின் பின்னர், வென்றோரும் தோற்றோரும் வாக்கெண்ணிக்கைக்குத் தலைவணங்கினர். குடியாட்சி அங்கே வேரூன்றியமைக்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.